கட்டுமான லாரிகள் மின்சாரத்துக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஆஸ்லோவை வைத்து ஒரு பார்வை

நார்வேயின் ஆஸ்லோ நகராட்சி 2019-இல் நகர மையத் தெரு ஒன்றின் சீரமைப்பு வேலையில் மின்சாரப் பொக்லைன்களை இறக்கியது. 2025 ஜனவரி முதல் நகராட்சியின் கட்டுமானத் தளங்களுக்குப் புகையில்லா வேலை நிபந்தனையாகிவிட்டது. வண்டிகள் கிடைக்கின்றன. வேலை சிக்குவது நகராட்சி, மின் விநியோக நிறுவனம், ஒப்பந்ததாரர், லாரி உரிமையாளர் ஆகிய நால்வருக்கும் இடையில்தான்.

பெரிய தவறு, ஒப்பந்ததாரரை முடிவு செய்த பிறகு தற்காலிக மின் இணைப்புக்கு எழுதுவது. அவர் சில வாரங்களில் மண் தோண்டத் தொடங்குவார். டிரான்ஸ்ஃபார்மர் வர மாதக்கணக்கில் ஆகலாம். விண்ணப்பம் டெண்டருக்கு முன்பே நகராட்சியின் பெயரில் போயிருக்க வேண்டும்.

அடுத்தது, ஆம்பியரை மட்டும் கேட்டுவிட்டு வோல்ட்டேஜை விட்டுவிடுவது. ஆஸ்லோவின் பழைய பகுதிகளில் மும்முனை மின்சாரமே 230 வோல்ட்தான். 400 ஆம்பியர் கேபிள் அங்கே சுமார் 160 கிலோவாட் தரும். 400 வோல்ட்டில் அதே கேபிள் 277 தரும். கனரக லாரி ஒன்றே 250 கிலோவாட் வரை இழுக்கக்கூடியது. மூன்று லாரிகள் சாப்பாட்டு நேரத்தில் சேர்ந்து செருகினால் 160-ஐப் பங்கிட வேண்டும்: 45 நிமிடத்தில் வண்டிக்கு 40 யூனிட். லோடோடு கிலோமீட்டருக்கு 1.5 யூனிட் என்று வைத்தால் 27 கிலோமீட்டர்கூட ஓடாது. பொக்லைனும் செருகினால் இன்னும் குறையும். மின்சாரத்தை முன்பே சேமித்து வைக்கும் பேட்டரி கன்டெய்னர் வைக்கலாம்; சாப்பாட்டு நேரத்தை மாற்றி மாற்றி விடுவது அதைவிட மலிவு. ஆனால் எந்த வண்டிக்கு முதலில் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். தளத்தில் நின்று பேசித் தீர்க்கும் விஷயமல்ல அது.

லாரிக்காரரைக் கடைசியில் கூப்பிடுவதும் வழக்கமாகிவிட்டது. அவருடைய கடன் பல வருடம், தளமோ சில மாதத்தில் மூடிவிடும். ஒரே தளத்துக்கு ஒப்பந்தம் போட்டால் அவர் டீசல் வண்டியைத்தான் வைத்திருப்பார். பல தளங்களுக்குச் சேர்த்துப் போட வேண்டும். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் சார்ஜுக்கு நிற்கும் நேரம் அவர் தலையில் விழும். பேட்டரி எடையால் லோடு குறைந்தால் நடையும் கூடும். பழைய டீசல் விகிதத்தை அப்படியே வைக்கக் கூடாது.

குளிர்காலத்தில் வண்டியை இரவு முழுக்கச் செருகியே விட வேண்டும். இல்லையென்றால் காலையில் பேட்டரியைச் சூடேற்றவே அதன் சார்ஜ் செலவாகும். அந்த இரவு மின்சாரத்தின் பில் யாருடையது என்று முதல் பனி விழுமுன் எழுதி வையுங்கள்.