முதல் பரத வகுப்பு எடுக்கப் போகிறீர்களா?

சலங்கை கட்டி மேடை ஏறினவர்களுக்கெல்லாம் சொல்லித்தரவும் வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். மொட்டைமாடியில் ஆறு பிள்ளைகளை நிறுத்தித் தாளம் தட்டும் தட்டுக்கழியைக் கையில் எடுத்த அன்றைக்கே தெரிந்துபோனது: கழி ஒரு பக்கம் போகிறது, வாயிலிருக்கும் தாளச் சொல் இன்னொரு பக்கம் போகிறது, பிள்ளைகள் இரண்டையும் விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். எட்டு வருஷம் ஓடிவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்டால் சொல்வதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. கழி பழகுங்கள்

ஆடத் தெரிவது வேறு, ஆட்டுவிக்கத் தெரிவது வேறு. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவிக்குச் சொல்லிக்கொடுத்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை நட்டுவனார், அதாவது தாளம் தட்டிச் சொல் சொல்லி ஆட்டுவிக்கிறவர். அது தனி வித்தை. தினமும் கால்மணி நேரம், ஆடாமல், சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஃபோனில் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60-ல் வைத்துக்கொண்டு ‘தெய்யா தெய்’ சொல்லித் தட்டுங்கள். முதல் காலம், அதாவது மெதுவான வேகம், வந்த பிறகு இரண்டாம் காலம், அப்புறம் மூன்றாம் காலம். காலம் ஏறும்போது கழியின் வேகம் ஏறக் கூடாது, சொல்லின் வேகம்தான் இரட்டிக்க வேண்டும். இதில் நீங்கள் தடுமாறினால், பிள்ளைக்குத் தாளம் வரவில்லை என்று அந்தப் பிள்ளையைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் குருவிடம் சொல்லிவிட்டு, அவர் வகுப்பிலேயே சில மாதம் சின்னப் பிள்ளைகளுக்கு அடவு, அதாவது அடிப்படை ஆட்ட அசைவுகள், பார்த்துக்கொடுங்கள். பள்ளிக்கூட வேலைக்குப் போவதாக இருந்தால் சான்றிதழ் கேட்பார்கள். மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் 3 ஆண்டு படிப்பு இருக்கிறது. வீட்டில் நடத்தினால் யாரும் எதையும் கேட்பதில்லை. பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அவ்வளவுதான்.

2. தரையைப் பாருங்கள்

மரத்தரை கிடைத்தால் அதிர்ஷ்டம். நம்மில் பலருக்கு சிமெண்ட், இல்லையென்றால் டைல்ஸ். வெறும் சிமெண்டில் ஒரு மணி நேரம் கால் தட்டினால் முழங்காலும் கணுக்காலும் கெண்டைக்கால் எலும்பும் வலிக்கும், பிள்ளை அதைச் சொல்லாது. தடிமனான ஜமுக்காளம் வழுக்காது என்றால் விரிக்கலாம். அதுவும் இல்லையா, தட்டுவதைக் குறைத்து நடுநடுவே உட்காரவைத்து அசம்யுத ஹஸ்தம், அதாவது ஒற்றைக் கை முத்திரைகள், பாருங்கள்.

3. அரைமண்டியை அளந்து கேளுங்கள்

பாதத்தை வெளியே திருப்பி, முட்டியை மடக்கிப் பாதி உட்காரும் நிலைதான் அரைமண்டி. இதில்தான் நிறைய முழங்கால் கெட்டுப்போகிறது. ‘பாதத்தைத் திருப்பு, இன்னும் திருப்பு’ என்று நாம் கத்த, இடுப்பில் திரும்பாததைப் பிள்ளை முட்டியை முறுக்கித் திருப்பிவிடும். உட்கார்ந்திருக்கும்போது எதிரே நின்று பாருங்கள்: முட்டி பாதத்தின் திசையிலேயே போகிறதா, இல்லை கட்டைவிரலைத் தாண்டி உள்ளே விழுகிறதா? விழுந்தால் பாதத்தை அந்த அளவுக்கு உள்ளே கொண்டுவந்து நிறுத்துங்கள். அந்தப் பிள்ளையின் அரைமண்டி இப்போதைக்கு அவ்வளவுதான். பக்கத்துப் பிள்ளை அழகாக உட்காருகிறாளே என்றால், அவள் இடுப்பு அப்படி, இவள் இடுப்பு இப்படி.

4. திருத்தும்போது

எதிரே நின்று வலது காலைத் தட்டிக் காட்டினால் பாதிப் பிள்ளைகள் இடது காலைத் தட்டும். அது அவர்கள் தப்பு இல்லை, கண்ணாடி பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். முதுகைக் காட்டி ஆடிக்காட்டுங்கள், இல்லையென்றால் எதிரே நின்று நீங்கள் இடதில் தொடங்குங்கள்.

கையைத் தூக்க, தோளைத் திருப்பத் தொடவேண்டி வந்தால் ‘தொடலாமா கண்ணு’ என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். தலை ஆட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஆடிக்காட்டியே சொல்லலாம். கழி அதைத் தட்டும் மனைப்பலகையில் மட்டும்தான் விழவேண்டும். எங்கள் காலத்தில் அது முட்டியிலும் விழுந்தது, எங்களுக்கு அதனால் அரைமண்டி வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு வந்தது பயம்.

பின்வரிசையில் ஒரே பிள்ளை நிரந்தரமாகக் குடியிருக்க விடாதீர்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் வரிசையை மாற்றுங்கள்.

5. சத்தம் வராத பிள்ளை

என் வகுப்பில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். தாளம் பிசகாது, சொல் மணி மாதிரி வரும், ஆனால் கால் தட்டினால் சத்தமே கேட்காது, பாதம் தரையை வருடிவிட்டுப் போகும். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் எல்லோர் முன்னாலும் ‘காலா அது, பஞ்சா?’ என்று கேட்டுவிட்டேன். மற்றதுகள் சிரித்தன. அடுத்த இரண்டு வகுப்புக்கு அவள் வரவில்லை. வயிற்றுவலி என்று அவள் அம்மா ஃபோனில் சொன்னார், சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கி, ‘மிஸ், அவ அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட், பகல்ல தூங்குவாரு, ஒரே ரூம், அதான் சத்தமில்லாம பண்ணச் சொல்லியிருக்கேன்’ என்றார்.

தினமும் தவறாமல் சாதகம், அதாவது பயிற்சி, செய்த ஒரே பிள்ளை அவள்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வந்த அன்றைக்கு, எல்லோர் முன்னாலும் கேட்ட கேள்விக்கு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். வீட்டில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுச் சொல் சொல்லவும், கை அசைவும் கண்ணும் மட்டும் பழகவும் கொடுத்தேன். தட்டுவதற்கு வகுப்பு தொடங்குமுன் பத்து நிமிஷம் மாடியை அவளுக்கே விட்டேன். முதல் வாரம் மெதுவாகத்தான் தட்டினாள், பழக்கதோஷம். மூன்றாவது வாரம் கீழ்வீட்டு மாமி ‘என்னம்மா மேலே இடிக்கிறீங்களா’ என்று படியேறி வந்தார்.

அதிலிருந்து புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் ‘வீட்டில் எங்கே ஆடுவே?’ என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறேன். நீங்களும் முதல் நாளே கேளுங்கள்.

6. பெற்றோர்

‘அரங்கேற்றம் எப்போ மிஸ்?’ மூன்றாவது மாதமே வரும். அடவெல்லாம் முடிந்து அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம் என்று ஒவ்வொரு உருப்படியாகப் போகவே வருஷக்கணக்கில் ஆகும் என்று சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். செலவு கையை மீறும் என்றால் கோயிலில் முதல்முறை சலங்கை கட்டி ஆடும் ஒரு சலங்கை பூஜை போதும், அதையும் சொல்லிவிடுங்கள். ஃபீஸ் தரமுடியாத மாதம் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், பிள்ளை காதில் விழவேண்டாம். வகுப்பு நடக்கும்போது கதவைத் திறந்தே வையுங்கள், அம்மாக்கள் உட்கார்ந்து பார்க்கட்டும். ‘முட்டியை மடக்குடி’ என்று அங்கிருந்தே ஆரம்பித்தால் மட்டும், சிரித்துக்கொண்டே கழியை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.