புதிய பதிப்பு வெளியிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒருவர் தன் போர்டு கேமின் இரண்டாம் பதிப்புக்கான மாதிரிப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். படங்கள் புதிது, பெட்டி நல்ல கனம், முகத்தில் பெருமை. "முதல் பதிப்புக்கு விட்ட எக்ஸ்பேன்ஷன் இதோடு சேருமா?" என்று கேட்டேன், அதாவது மூல ஆட்டத்தோடு சேர்த்து விளையாடத் தனியாக விற்கும் கூடுதல் தொகுப்பை. "சேரும்னுதான் நினைக்கிறேன்" என்றார். ஒரு காலத்தில் நானும் இதையே சொன்னவன். எழுத்துப்பிழை, டைஸ் எண்ணிக்கை குறைவது போன்றவற்றுக்கு என் உபதேசம் தேவையில்லை. மற்றவை இங்கே.

கார்டின் பின்புறத்தைத் திரையில் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்புவது

என் ஆட்டத்தின் கார்டுகளுக்குப் பின்புறம் கருநீலம். இரண்டாம் பதிப்பை வேறோர் அச்சகத்தில் கொடுத்தேன். அதே ஃபைல், அதே 63க்கு 88 மில்லிமீட்டர் அளவு. திரையில் சரியாகத்தான் இருந்தது, ஒப்புதல் கொடுத்துவிட்டேன்.

பெட்டிகள் வந்ததும் பழைய எக்ஸ்பேன்ஷன் கார்டுகளையும் சேர்த்துக் கலைத்து மேசையில் வைத்தேன். எதிரே இருந்த நண்பர் கார்டுக் கட்டைத் தொடக்கூட இல்லை. "மேலிருந்து மூணாவது பழசு" என்றார். எடுத்துப் பார்த்தால் பழசேதான். பழைய தாளின் நடுவில் கறுப்பு அடுக்கு இருந்தது. புதிய தாளில் அது இல்லை. கட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் பழைய கார்டு ஒவ்வொன்றும் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. திருப்பிப் போட்டால் இன்னும் மோசம்: புதிய நீலம் ஊதாப் பக்கம் சாய்ந்திருந்தது. நான்கு மைகளைக் கலந்து அடிக்கும் கருநீலத்தில் மெஜந்தா என்னும் ரோஜா நிற மை கொஞ்சம் ஏறினாலே போதும், அப்படித்தான் ஆகும். அடுத்து வரும் கார்டு எதுவென்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன ஆட்டம்?

இப்போதும் நினைத்தால் எரிச்சல்தான். ஃபைலோடு ஒரு பழைய கார்டையும் உறையில் போட்டு அனுப்பியிருந்தால் தீர்ந்திருக்கும். பின்புறத்துக்குப் பேண்டோன் எண் (அச்சகங்களுக்குப் பொதுவான நிற எண்) கொடுத்துத் தனி மையாக அடிக்கச் சொல்லுங்கள். தாளின் கனம், நடு அடுக்கின் நிறம், லினன் துணி போன்ற சொரசொரப்பு எல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கட்டும். மொத்தமாக அடிக்கும் முன், அதே தாளில் அடித்த மாதிரியை வாங்கிப் பழைய கட்டோடு நீங்களே கலைத்துப் பாருங்கள்.

சேராது என்று முடிவெடுப்பதும் தப்பில்லை. 2013இல் பாண்டெமிக் என்ற போர்டு கேமின் தோற்றத்தை மாற்றியபோது, பழைய எக்ஸ்பேன்ஷன் வைத்திருந்தவர்களுக்காகத் தனியாக ஓர் இணைப்புத் தொகுப்பு விற்றார்கள். 2016இல் டொமினியன் என்ற கார்டு ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் 6 வகைக் கார்டுகள் போய் 7 புதிய வகைகள் வந்தன. புதியவை மட்டும் தனித் தொகுப்பாகவும் கிடைத்தன. நான் அப்படி ஒன்றை அச்சடித்தது கோபக் கடிதங்கள் வந்த பிறகு. சில நூறு அடித்தாலும் அச்சுத் தகடு, வெட்டும் அச்சு எல்லாவற்றுக்கும் அதே செலவு. அத்தனையையும் இலவசமாகவே கொடுத்தேன்.

பழைய சரக்கு தீரும் முன் அறிவிப்பது

அறிவித்த மறுநாளே பழைய பெட்டி செத்த சரக்கு. உங்கள் கிடங்கில் இருப்பது உங்கள் பாடு. கடைக்காரர் அலமாரியில் இருப்பதற்கு அவர் உங்களைத்தான் திட்டுவார். விநியோகஸ்தரிடம் எவ்வளவு மிச்சம் என்று முதலில் கேளுங்கள். நிறைய இருந்தால் விலையைக் குறைத்துத் தள்ளிவிட அவருக்கு அவகாசம் கொடுத்துவிட்டு, அப்புறம் வாயைத் திறங்கள்.

பதிப்பு எண்ணைப் பெட்டியின் மேல்மூடியில் மட்டும் போடுவது

அலமாரியில் தெரிவது பக்கவாட்டுதான்.

பழைய ஆட்டக்காரர்களை மட்டும் வைத்துச் சோதிப்பது

அவர்கள் விதிப் புத்தகத்தைப் படிப்பதே இல்லை, புரட்டுவதோடு சரி. எங்கள் புதிய புத்தகத்தில், முறை முடிந்ததும் கையில் மிஞ்சிய கார்டுகளைப் போட்டுவிட வேண்டும் என்ற வரி எடிட்டிங்கில் காணாமல் போயிருந்தது. ஆறு குழுக்கள் விளையாடின, ஒருவருக்கும் உறைக்கவில்லை. எல்லோரும் பழக்கத்தில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஏழாவது குழுவில்தான் ஆட்டமே தெரியாத ஒரு பெண் உட்கார்ந்தார். நான்காவது சுற்றில் அவர் கையில் 19 கார்டுகள் இருந்தன. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!