பெரிய கேலக்ஸிகள் மட்டும் மங்கலாக வந்தபோது

தண்டையார்பேட்டை மொட்டை மாடியில், துறைமுக விளக்கு வெளிச்சத்தில் கேலக்ஸி எங்கே தெரியப்போகிறது? ஆனால் அகச்சிவப்பு வான ஆய்வுகளின் தரவு இலவசம். பழைய லேப்டாப் போதும்.

1997 முதல் 2001 வரை நடந்த டூமாஸ் (2MASS) என்ற அகச்சிவப்பு வான ஆய்வின் கேலக்ஸிகளை, 2009 டிசம்பரில் ஏவப்பட்ட வைஸ் (WISE) என்ற அகச்சிவப்பு விண்கலத்தின் பட்டியலோடு பொருத்திக்கொண்டிருந்தேன். அருகிலுள்ள பெரிய கேலக்ஸிகள் மட்டும் 3.4 மைக்ரான் அலைநீளத்தில் நம்பவே முடியாத அளவு மங்கலாக வந்தன. இரு பட்டியலிலும் ஒரே பொருள் என்று எடுத்துக்கொள்ளும் இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன், பலனில்லை.

விஷயம் இதுதான்: வைஸின் வழக்கமான பிரகாச அளவு எதையும் நட்சத்திரம் போல ஒரே புள்ளியாக எடுத்துக்கொள்கிறது. அந்த அலைநீளத்தில் அதன் பிரிதிறன் சுமார் 6 ஆர்க்செகண்டு (ஒரு ஆர்க்செகண்டு என்பது ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு). அதைத் தாண்டிப் பரவிய ஒளியில் பெரும்பகுதி கணக்குக்கே வராது. அப்புறம் விளக்கக் குறிப்பைப் புரட்டியபோது (யார் முதலிலேயே படிக்கிறார்கள்!) 'எக்ஸ்ட் ஃபிளாக்' என்ற நெடுவரிசை கிடைத்தது. அதில் 5 இருந்தால், டூமாஸ் பட்டியலில் புள்ளியாக இல்லாமல் பரந்து தெரியும் பொருள் ஒன்று 5 ஆர்க்செகண்டுக்குள் இருக்கிறது. அந்த வரிகளுக்கு மட்டும் நீள்வட்டத்துக்குள் வரும் ஒளியை அளக்கும் 'ஜிமேக்' மதிப்பை எடுத்தேன். நிறக்கணக்கு (இரண்டு அலைநீளங்களில் உள்ள பிரகாச வித்தியாசம்) ஒழுங்காகிவிட்டது.

ஆண்ட்ரொமீடா போன்ற ராட்சதர்களை வைஸ் துண்டு துண்டாகப் பதிந்திருக்கிறது. அவற்றைத் தனிக் கோப்பில் ஒதுக்கிவிட்டேன்.