உந்துபொருள் இல்லாத உந்துவிசை: சோதிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் ராயபுரத்திலிருந்து இரண்டு கல்லூரி மாணவர்கள் என் தண்டையார்பேட்டை மாடி அறைக்கு ஒரு வீடியோவோடு வந்தார்கள். மூடிய செம்புக் கூம்பு, உள்ளே மைக்ரோவேவ், தாங்கி நிற்க முறுக்குத் தராசு (மெல்லிய இழை முறுகுவதை வைத்து மிகச் சிறிய விசையை அளப்பது; இழை முறுகினால் சுவரில் விழும் லேசர் புள்ளி நகரும்). "எதையும் வெளியே தள்ளாமலே நகர்கிறது சார்" என்றார்கள். சுவரில் லேசர் புள்ளி நகர்வதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே மாதிரிக் கூம்பு செய்து, அந்தப் புள்ளியை நம்பி நான் ஏழு மாதம் இழந்தவன். மின்விசிறியை நிறுத்துவது, கதவைச் சாத்துவது எல்லாம் அவர்களுக்கே தெரியும்.

மின்கம்பியை மறப்பது

மின்சாரம் கொடுத்ததும் என் புள்ளி நகர்ந்தது, நிறுத்தியதும் திரும்பியது. வெப்பமாக இருந்தால் மெல்ல ஏறி மெல்ல இறங்கும், இது உடனே நிற்கிறது, ஆகவே உந்துவிசைதான் என்று முடிவுகட்டினேன். கம்பி மீதான காந்தவிசையும் உடனேதான் நிற்கும். சென்னையில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறையக் கிடைமட்டமானது. அளவு சுமார் 40 மைக்ரோடெஸ்லா. செங்குத்தாகத் தொங்கும் 10 சென்டிமீட்டர் கம்பியில் 5 ஆம்பியர் ஓடினால் பக்கவாட்டில் 20 மைக்ரோநியூட்டன் தள்ளும். ஓர் அரிசியின் எடையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் ஒரு கிலோவாட் ஒளிக்கற்றை தரும் உந்துவிசையே 3.3 மைக்ரோநியூட்டன்!

கூம்பைக் கழற்றி, அதே மின்னோட்டத்தை இழுக்கும் மின்தடையை மாட்டினேன். புள்ளி அதே தூரம் நகர்ந்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை அது. இன்றும் யாராவது அதைத் தள்ளிப்போட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

பெரிய ஆய்வகங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. பிரிட்டிஷ் பொறியாளர் ரோஜர் ஷாயரின் எம்டிரைவ் கருவி (இதே மாதிரி மூடிய மைக்ரோவேவ் கூம்பு) கிலோவாட்டுக்கு 1.2 மில்லிநியூட்டன் தருவதாக நாசாவின் ஈகிள்வொர்க்ஸ் குழு 2016-இல் வெளியிட்டது. ஒளிக்கற்றையைப் போல சுமார் 360 மடங்கு! 2018-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் தைமார் குழு, கூம்புக்குப் போகும் மைக்ரோவேவைப் பெருமளவு குறைத்துப் பார்த்தது. "உந்துவிசை" குறையவே இல்லை. கம்பிக்கும் பூமியின் காந்தப்புலத்துக்கும் உள்ள உறவே காரணமாக இருக்கலாம் என்றார்கள். 2021-இல் அதே குழு இன்னும் நுட்பமாக அளந்தபோது உந்துவிசையே தென்படவில்லை.

போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் சேர்த்து முறுக்குங்கள், இரண்டின் மீதான விசையும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். கூம்பைத் திருப்பி வைத்து அளந்து பாருங்கள். விசையின் திசை திரும்பாவிட்டால் அது கூம்பிலிருந்து வரவில்லை.

சூரியப் பாய்மரத்தைச் சாட்சிக்கு இழுப்பது

"சூரியப் பாய்மரமும் எதையும் வெளியே தள்ளாமல்தானே போகிறது" என்பார்கள். 2010-இல் பறந்த ஜப்பானின் பாய்மர விண்கலம் இகாரோஸை வெளியிலிருந்து வந்த சூரிய ஒளி தள்ளியது. காசிமேட்டுப் படகுக்குத் தண்ணீர்போல அதற்கு ஒளி. மூடிய கூம்புக்கு எதுவும் இல்லை.

சரக்கு ரயில் போகும்போது அளப்பது

தரை அதிர்ந்தால் புள்ளியும் ஆடும். அந்த அளவுகளை அழித்துவிடுங்கள்.

பழைய மைக்ரோவேவ் அடுப்பைப் பிரிப்பது

மைக்ரோவேவ் கிடைக்கும் என்று அதைப் பிரிக்க வேண்டாம். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும் அதன் மின்தேக்கி உயிரைக் குடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை இருவரையும் தராசோடும் ஒரு மின்தடையோடும் வரச் சொல்லியிருக்கிறேன்.