ஆஸ்பத்திரியை மூடாமல் ஆஸ்பத்திரி கட்டுவது

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஆஸ்பத்திரியை விரிவாக்கும் வேலை உங்கள் கைக்கு வந்தால், முதலில் ஒரு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, ஓ.பி. சீட்டு கொடுக்கிற ஜன்னலுக்கு எதிரே போய் உட்காருங்கள். கையில் ஒரு நோட்டும் பேனாவும் போதும். வரைபடம், எஸ்டிமேட் எல்லாம் அப்புறம். பொதுப்பணித்துறையில் 31 வருடம் இருந்தேன். அதில் பாதிக்குமேல் மருத்துவமனைக் கட்டடங்கள். கடைசியாகப் பார்த்தது டெல்டாவில் 300 படுக்கை கொண்ட ஒரு தலைமை மருத்துவமனையின் விரிவாக்கம். அங்கே செய்த வேலையில் உருப்படியானது எல்லாம் அந்த ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து கற்றதுதான்.

அன்று சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வந்த ஒரு ஆயாவின் பின்னாலேயே நடந்தேன். சீட்டு, டாக்டர், முற்றம் தாண்டி லேப், ரிசல்ட் வரும்வரை வேப்பமரத்தடி, திரும்பவும் டாக்டர், பிறகு வளாகத்தின் அந்தக் கோடியில் மருந்து. நான்கு முறை வெயிலில் முற்றத்தைக் கடந்தார், செருப்பில்லாத காலோடு. சர்க்கரை உள்ளவருக்குக் காலில் ஒரு கொப்புளம் என்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதுக் கட்டடத்தில் ரத்தம் எடுக்கும் அறை டாக்டர் அறையை ஒட்டி வந்ததும், மருந்து கவுண்டர் வெளியேறும் வாசலுக்குப் போனதும் அந்த ஆயாவால்தான். அதேபோல ஒரு கர்ப்பிணி, 108-இல் வந்திறங்கும் ஒரு விபத்துக் கேஸ் என்று இன்னும் இரண்டு பேரின் பின்னாலாவது நடந்து பாருங்கள். விபத்துப் பிரிவை அவசரத்தின் அளவுப்படி சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிப்பது இப்போது வழக்கம்; உயிருக்கு ஆபத்தானவர்கள் சிவப்பு. சிவப்பு, ஆம்புலன்ஸ் வாசலிலிருந்து வளைவே இல்லாமல் நேராக இருக்க வேண்டும், சி.டி. ஸ்கேனும் அதே தரைத்தளத்தில்.

அடுத்தது இடமாற்ற வரிசை. இதைத்தான் பலர் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். தினமும் குழந்தை பிறந்துகொண்டிருக்கும் இடத்தில் எதை இடிப்பது, அங்கிருப்பவர்கள் எங்கே போவார்கள், அங்கே எத்தனை மாதம் இருப்பார்கள் என்பதை ஒரு பெரிய தாளில் மாதவாரியாக எழுதி, நிலைய மருத்துவ அலுவலர் மேசைக்கு எதிரே ஒட்டுங்கள். நாங்கள் முதலில் எடுத்தது சைக்கிள் ஸ்டாண்டையும் ஆளில்லாத இரண்டு குவார்ட்டர்ஸையும்தான். அந்த இடத்தில் புதுப் பிளாக் எழும்பி, பிரசவப் பிரிவு அதில் குடிபோன பிறகுதான் பழைய கட்டடத்தில் கடப்பாரை பட்டது. எந்தப் பிரிவும் இரண்டு முறை இடம் மாறக்கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் தியேட்டருக்கு இன்னொன்று: பெயின்ட் காய்ந்ததும் ஒப்படைத்துவிட முடியாது. காற்று வடிகட்டிகளைச் சோதிக்க வேண்டும், சுத்தம் செய்து, கிருமி மிச்சமிருக்கிறதா என்று பார்க்க ஸ்வாப் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும், ரிசல்ட் சரியில்லை என்றால் முதலிலிருந்து. அதற்கான வாரங்களை அட்டவணையில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். அதுவரை பழைய தியேட்டரின் ஒரு ஸ்விட்சைக்கூடக் கழற்றாதீர்கள்.

தரைக்கு அடியில் என்ன இருக்கிறதென்று எந்த வரைபடமும் முழுதாகச் சொல்லாது. ஜேசிபி இறங்கிய மூன்றாம் நாள் எங்கள் சைட்டில் குடிநீர்க் குழாய் உடைந்தது. மதியம் வரை பிரசவ வார்டில் தண்ணீர் இல்லை. இளம் தாய்மார்களின் அம்மாக்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியதை இன்றும் மறக்க முடியவில்லை. அங்கே 20 வருடமாக பிளம்பராக இருந்த அண்ணன் வந்து பார்த்துவிட்டு, “என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா காட்டியிருப்பேனே மேடம்” என்றார். மறுநாளே அவரோடு வளாகம் முழுவதும் நடந்து, குழாயும் கேபிளும் போகும் வழியெல்லாம் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டோம். நீங்கள் முதல் நாளே போடுங்கள். சந்தேகமான இடத்தில் மண்வெட்டியால் குழி தோண்டிப் பார்த்த பிறகு ஜேசிபியைக் கூப்பிடுங்கள்.

அந்தச் சுண்ணாம்புப் பொடியே பிறகு இன்னொரு பெரிய வேலைக்கும் உதவியது. வார்டு வரைபடத்தை முற்றத்தில் அசல் அளவிலேயே வரைந்தோம். கட்டில்களைக் கொண்டுவந்து போட்டு, நடைபாதைக்கு 2.4 மீட்டர் விட்டு, இரண்டு தள்ளுவண்டிகளை எதிரெதிரே விட்டுப் பார்த்தோம். ஒரு சிஸ்டர் தன் மேசை வரவேண்டிய இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். “இங்கேருந்து கடைசிக் கட்டில் தெரியலையே மேடம். ராத்திரி அங்கே மூச்சுத் திணறினா எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். பேப்பரில் மூன்று மாதமாக நாங்கள் எல்லோரும் பார்த்தும் கண்ணில் படாதது அது. மேசை வார்டின் நடுவுக்கு வந்தது; கை கழுவும் பேசின் கட்டில்களுக்குப் பக்கத்தில் வந்தது. தூய்மைப் பணியாளர்களையும் கூப்பிடுங்கள். மருத்துவக் கழிவு போடும் மஞ்சள், சிவப்புப் பைகள் எந்த வழியாகப் போகும், அந்த வழியில் சாப்பாட்டு வண்டி வருமா என்பதை அவர்களே சொல்வார்கள்.

பழைய வார்டுகளின் உயரமான கூரையையும் எதிரெதிர் ஜன்னல்களையும் கெடுத்துவிடாதீர்கள். நவீனமாக்குகிறோம் என்று ஃபால்ஸ் சீலிங் போட்டு, ஜன்னலை அடைத்து, ஸ்ப்ளிட் ஏசி மாட்டுவார்கள். அந்த ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையேதான் சுற்றிவிடும். ஒருவரின் இருமல் எல்லோருக்கும் பங்காகும். இயற்கைக் காற்றோட்டத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2009-இல் சொன்ன அளவு பொது வார்டில் ஒரு நோயாளிக்கு விநாடிக்கு 60 லிட்டர். காற்றில் பரவும் நோய் உள்ள அறையில் 160. திறந்த ஜன்னல் இருந்தால்தான் அந்தக் கணக்கே வரும். ஏசி தியேட்டருக்கும் ஐ.சி.யூ.வுக்கும் போகட்டும். காசநோய் ஓ.பி.க்குத் தாழ்வாரம் போதும், நல்ல காற்று வர வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு எளிது. 100 படுக்கைக்கு மேல் போனால் படுக்கைக்கு நாளொன்றுக்கு 450 லிட்டர். 300 படுக்கைக்கு 1,35,000 லிட்டர். மின்சாரத்துக்கு 2018 நவம்பரை நினைத்துக்கொள்ளுங்கள். கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு எத்தனையோ ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரையும் மெயின் பேனலையும் ஒருபோதும் தரைக்குக் கீழே உள்ள தளத்தில் வைக்காதீர்கள். வாசல் டீக்கடைப் பெரியவரிடம் வெள்ளம் எதுவரை நின்றது என்று கேட்டு, சுவரில் அந்த உயரத்துக்குக் கோடு கிழித்து, அதற்கு மேலே மேடை கட்டுங்கள். லிஃப்ட் நின்றுபோனால் சாய்தளம்தான் துணை. 12-க்கு 1 சரிவில், அதாவது 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் என்றால், ஒரு மாடிக்கு 3.6 மீட்டர் ஏறவே 43.2 மீட்டர் நீளம் வேண்டும். ஆரம்பத்திலேயே இடம் ஒதுக்காவிட்டால் பிறகு கிடைக்காது.

இன்னொன்றை மன்றாடிக் கேட்கிறேன். நோயாளியோடு வருபவர்களுக்கும் இடம் வரையுங்கள். ஒவ்வொரு பிரசவத்துக்கும் அம்மாவோ மாமியாரோ வந்து மூன்று நாள் இருக்கிறார்கள். இடம் இல்லையென்றால் மாடிப்படித் திருப்பத்தில்தான் படுப்பார்கள். தீப்பிடித்தால் எல்லோரும் ஓடி இறங்க வேண்டிய படி அது. துணி துவைக்கக் கல், காயப்போடக் கொடி, பூட்டி வைக்க அலமாரி, இரவில் விளக்கெரியும் பெண்கள் கழிப்பறை. இந்த நான்குக்கும் சேர்த்து எஸ்டிமேட்டில் போன தொகை மிகச் சிறியது. ஆனாலும் செலவைக் குறைக்கச் சொல்லும்போது முதலில் பேனா இங்கேதான் வரும். விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிரிவுகள் இடம் மாறும் நாளை ஞாயிற்றுக்கிழமையாக வையுங்கள். முந்தைய வாரம் காலிக் கட்டிலைத் தள்ளி ஒரு ஒத்திகை பாருங்கள். மாறிய பிறகு ஒரு மாதமாவது பழைய வாசலில் ஒரு ஆளை நிறுத்துங்கள். முதல் பஸ்ஸுக்கு வருகிறவர்களுக்கு அந்த வேப்பமரம்தான் அடையாளம். அங்கேதான் வந்து நிற்பார்கள்.