முதல் உறைபனி எந்த ராத்திரி? மலையேறும் முன் போட வேண்டிய கணக்கு

ஐப்பசி மழை ஓய்ந்து இரண்டு நாள் வெயில் அடித்துவிட்டால் போதும், கோயமுத்தூர், மேட்டுப்பாளையம், பொள்ளாச்சிப் பக்கத்து வானிலைப் பிரியர்களுக்கு இருப்புக் கொள்ளாது. ஊட்டியில் இந்த வருசம் கார்த்திகையிலேயே வெள்ளை விரிக்குமா, மார்கழி வரை காக்க வைக்குமா? செல்போனில் வரும் "குறைந்தபட்ச வெப்பநிலை" எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் முதல் உறைபனி கண்ணில் படாமலே போய்விடும். அந்த எண் காற்றுக்கு உரியது. உறைபனியை முடிவு செய்வது புல்.

முதலில் ஒரு வழக்கைத் தீர்த்துவிடலாம். ஊட்டியில் மேகத்திலிருந்து ஸ்நோ கொட்டாது. நம் அட்சரேகையில் காற்று பூஜ்ஜிய டிகிரிக்கு இறங்கும் உயரம் சுமார் 5 கி.மீ. தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். மேலே பிறக்கும் பனித்துகள் கீழே வருவதற்குள் மழையாகிவிடும். கோடை மழையில் ரோடு வெள்ளையாகிற வீடியோக்கள் ஆலங்கட்டி. மார்கழிக் காலையில் தலைக்குந்தாவில் தெரியும் வெள்ளைதான் உறைபனி. "உறைபனி விழுந்துச்சு" என்று சொல்கிறோமே தவிர, எதுவும் விழுவதில்லை. காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த புல்லின் மேல் படிந்து உறைகிறது. அதே ஈரம் உறையாமல் முத்து முத்தாக நின்றால் நீர்ப்பனி. நீலகிரியில் வரிசை பெரும்பாலும் இப்படித்தான்: முதலில் சில வாரம் நீர்ப்பனி, பிறகு உறைபனி.

புல் ஏன் காற்றை முந்துகிறது

ராத்திரியில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். மேகமோ ஈரமோ இருந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும். தெளிந்த, உலர்ந்த வானமாக இருந்தால் போனது போனதுதான். காற்றும் அசையாமல் நின்றுவிட்டால், புல்லின் நுனி நான்கு அடி உயரத்துக் காற்றைவிட 3 முதல் 5 டிகிரி வரை குறைந்துவிடும். அதனால்தான் "ஊட்டியில் 4 டிகிரி" என்று செய்தி வரும் நாளில் புல்வெளி வெள்ளையாக இருக்கிறது. கணக்கில் தப்பு இல்லை, இரண்டும் இரண்டு இடத்து அளவு.

பௌர்ணமி ராத்திரியில் உறைபனி அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு. நிலா வெளிச்சமாகத் தெரிகிறது என்றால் மேகம் இல்லை என்று அர்த்தம். காரணம் அவ்வளவுதான்.

நான்கு நாள் முன்பு: வங்கக் கடலைப் பாருங்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மலைமேல் மேகம் கம்பளி போலப் போர்த்தியிருக்கும். சீக்கிரமே உறைபனி வேண்டுமானால் மழைக்கு நடுவில் ஒரு வறண்ட இடைவெளி கிடைக்க வேண்டும். அதைத் தருவதும் கெடுப்பதும் வங்கக் கடல் தாழ்வு மண்டலம் போகிற போக்கு.

அது ஆந்திரா, ஒடிசா பக்கம் ஏறினால் நமக்கு நல்ல சேதி. அதன் மேற்கு ஓரமாக வடக்கிலிருந்து இறங்கும் காற்று தக்காணத்தின் வறண்ட காற்றை இழுத்து வரும். ஓரிரு நாளில் வானம் துடைத்த மாதிரி ஆகும். நாகை, கடலூர் வழியாகக் கரையேறி உள்மாவட்டங்களைத் தாண்டி அரபிக்கடலுக்குப் போனால், பின்னாலேயே ஈரமான கிழக்கு, தென்கிழக்குக் காற்று வரும். இரண்டு மூன்று நாளைக்கு ஆசையை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான்.

விண்டி என்கிற வானிலை ஆப்பில் தரைமட்டப் படத்தை விட்டுவிட்டு 800 ஹெக்டோபாஸ்கல் அடுக்குக்குப் போங்கள். அது சுமார் 2,000 மீட்டர் உயரம்; ஊட்டி 2,240 மீட்டர், ஆகவே கிட்டத்தட்ட நம் மட்டம். அங்கே ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே வந்தால் கவனிக்க ஆரம்பிக்கலாம், 40-ஐத் தொட்டால் கம்பளியை எடுத்து வைக்கலாம். காற்றின் வேகம் மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் இருந்தால் மற்றதெல்லாம் கூடி வந்தும் பயனில்லை. மேலிருக்கும் சூடான காற்றைக் கலக்கிக் கீழே இறக்கிவிடும்.

காற்று கிழக்கிலிருந்து ஈரத்தோடு வரும் நாட்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் மஞ்சு (மூடுபனி) மூடியிருக்கும், தொட்டபெட்டாவுக்கு மேற்கே வானம் திறந்திருக்கும். குன்னூர் கேமராவைப் பார்த்துவிட்டு ஊட்டிப் பயணத்தை ரத்து செய்துவிடாதீர்கள்.

ஆப்புக்குப் பின்னாலிருக்கும் வானிலை மாடல், அதாவது கணினிக் கணிப்பு, காட்டும் டிகிரியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐரோப்பிய மாடலின் ஒரு கட்டமே சுமார் 9 கி.மீ. அகலம், அதற்குள் தொட்டபெட்டாவும் பள்ளத்தாக்கும் சராசரியாகி ஒரு மழுங்கிய மேடாகிவிடும். அரை கி.மீ. அகலமுள்ள காந்தல் பள்ளம் அதற்குத் தெரியவே தெரியாது. மாடலிடம் மேகம், ஈரம், காற்று மூன்றை மட்டும் கேளுங்கள். டிகிரியை நீங்களே கணக்குப் போடுங்கள்.

கோவை விமான நிலையத்தின் அரைமணி அறிக்கையும் இலவசமாகக் கிடைக்கிறது. விஓசிபி என்பது அதன் குறியீடு. அதில் 27/15 என்று சாய்கோடு போட்டு வரும் இரண்டாவது எண் பனிப்புள்ளி; காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை அது. விமான நிலையம் இருக்கும் பீளமேட்டு எண் ஊட்டிக்குப் பொருந்தாது. ஆனால் இரண்டு நாளில் 21-லிருந்து 15-க்கு இறங்கினால் வறண்ட காற்று வந்து சேர்ந்துவிட்டது என்று தெரியும்.

அன்று சாயந்திரம்: பனிப்புள்ளிக் கணக்கு

மாலை 6 மணிக்கு, போகிற இடத்தின் வெப்பநிலையும் ஈரப்பதமும் வேண்டும். 100-லிருந்து ஈரப்பதத்தைக் கழித்து, 5-ஆல் வகுத்து, வந்ததை வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். அதுதான் ஏறக்குறைய பனிப்புள்ளி.

12 டிகிரி, ஈரப்பதம் 70 என்றால்: 30-ஐ 5-ஆல் வகுக்க 6, பனிப்புள்ளி 6 டிகிரி. புல் 6 டிகிரியைத் தொட்டதும் நீர்ப்பனி படியத் தொடங்கும். ஆவி நீராகும்போது சூட்டை வெளியே விடும், அதனால் குளிர்கிற வேகம் தளர்ந்துபோகும். அந்த ராத்திரி பெரும்பாலும் ஈரக் காலாகத்தான் முடியும். அதே 12 டிகிரி, ஈரப்பதம் 50 என்றால் பனிப்புள்ளி 2. இது போகலாம் என்கிற எண். ஈரப்பதம் 50-க்குக் கீழே இருந்தால் இந்தக் குறுக்கு வழி கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். உண்மைப் பனிப்புள்ளி அதைவிடக் கீழே.

பனிப்புள்ளி பூஜ்ஜியத்துக்கு மேல் 1, 2 டிகிரி இருந்தால் முதலில் நீர்ப்பனி படிந்து பிறகு உறையும். கண்ணாடி மணி போல இருக்கும், போட்டோவில் அவ்வளவாக எடுக்காது. பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் ஆவி நேராகப் படிகமாகி, புல் நுனியில் ஊசி ஊசியாக நிற்கும். எல்லாரும் தேடி வருவது இதைத்தான். மிகவும் கீழே போய்விட்டால் படிய ஈரமே இருக்காது: வெள்ளையே தெரியாமல் செடி மட்டும் கருகியிருக்கும். "உறைபனியே இல்லை, ஆனால் உருளைக்கிழங்குச் செடி கருத்துப்போச்சு" என்கிற புகாருக்குக் காரணம் இந்தக் கறுப்பு உறைபனி.

எந்தப் பள்ளத்தில் நிற்பது

குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். உயரமான இடம்தானே குளிர் என்று தொட்டபெட்டா உச்சிக்குப் போகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். கீழே தலைக்குந்தா, காந்தல், சாண்டிநல்லா, அவலாஞ்சி, ஊட்டி குதிரைப் பந்தய மைதானம் வெளுத்திருக்கும்போது உச்சியில் புல் பச்சையாகவே இருக்கும்.

இடத்தைச் சோதிக்க ஓர் ஊதுபத்தி போதும். பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் கழித்து முழங்கால் உயரத்தில் பிடியுங்கள். புகை மெதுவாகச் சரிவோடு கீழே நகர்ந்தால் குளிர் இறங்கிக்கொண்டிருக்கிறது. நேராக எழும்பிப் பிறகு அப்படியே படுக்கை போட்டால் நீங்கள் நிற்பது குளம்; அதுதான் சரியான இடம். புகை கலைந்து சிதறினால் காற்று இருக்கிறது, வேறு பள்ளம் பாருங்கள். சரிவுக்குக் குறுக்கே ரோட்டு மேடோ அடர்ந்த வேலியோ இருந்தால் அதன் மேல்பக்கத்தில் குளிர் அணை கட்டி நிற்கும். மரத்தடி வேண்டாம், தலைக்கு மேல் வானம் திறந்திருக்க வேண்டும். வெறும் மண்ணைவிட அடர்ந்த குட்டைப் புல் சீக்கிரம் வெளுக்கும், ஏனென்றால் அடியிலிருந்து வரும் மண் சூட்டைப் புல் தடுத்துவிடுகிறது. கார் கூரை, பைக் சீட், தகரக் கூரை எல்லாம் அதே காரணத்தால் புல்லோடு போட்டி போடும்.

கருவி

டிஎஸ்18பி20 என்கிற நீர்புகாத வெப்பநிலை சென்சார் இரண்டு இருந்தால் இந்த வேலைக்குப் போதும். துல்லியம் அரை டிகிரி. ஒன்று புல்லுக்கு, ஒன்று காற்றுக்கு. புல் சென்சாரைத் தரையிலிருந்து 2.5 முதல் 5 செ.மீ. உயரத்தில், இரண்டு சிறு குச்சிக் கவட்டைமேல் படுக்க வைத்து, புல் நுனி தொடும்படி வையுங்கள். மண்ணில் புதைந்தால் 3, 4 டிகிரி கூடுதலாகக் காட்டிக் காலைவாரும்.

காற்று சென்சாருக்கு ஒரு கூண்டு வேண்டும். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு, 20 செ.மீ. அகலத்தில் ஏழு வாங்குங்கள். மேல் இரண்டை விட்டுவிட்டு மற்ற ஐந்துக்கும் நடுவில் 7 செ.மீ. வட்டம் வெட்டி எடுங்கள். மூன்று த்ரெட் ராடில் (மரை போட்ட கம்பி) கவிழ்த்து அடுக்கி, தட்டுக்குத் தட்டு 2 செ.மீ. இடைவெளி விட்டு நட்டு போடுங்கள். சென்சார் நடுவில் தொங்கட்டும், தட்டைத் தொடக் கூடாது. தரையிலிருந்து நான்கு அடி. சுவரில் அடித்த தெர்மாமீட்டர் ராத்திரி முழுக்கச் சுவரின் சூட்டைத்தான் சொல்லும். அதை வைத்துச் சண்டை போடாதீர்கள்.

வாங்கியதும் பூஜ்ஜியச் சோதனை. ஐஸைப் பொடித்து டம்ளர் நிறையப் போட்டு, சந்துகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கிளறி, சென்சாரை நடுவில் பத்து நிமிடம் வையுங்கள். 0.4 காட்டினால் இனி எல்லா அளவிலும் 0.4 கழித்துக்கொள்ளுங்கள். பலர் சொதப்புவது தண்ணீர் அதிகமாகி ஐஸ் மிதக்கும்போது. அடித் தண்ணீர் 2, 3 டிகிரியில் இருக்கும், சென்சார்மேல் பழி விழும்.

தொடாமலே வெப்பநிலை காட்டும் அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் துப்பாக்கி இருந்தால் தலைக்கு நேர்மேலே வானத்தைச் சுட்டுப் பாருங்கள். தாழ்ந்த மேகம் என்றால் தரைக்குக் கிட்டத்தட்ட வரும் எண், தெளிந்த வானம் என்றால் பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மேகம்கூட இதில் அகப்படும். காருக்குள்ளிருந்து எடுத்த உடனே நம்பாதீர்கள், வெளிக்குளிருக்குப் பழக இருபது நிமிடம் கொடுங்கள். பளபளப்பான தகரத்தைச் சுட்டால் தகரத்தின் வெப்பநிலை வராது. அதில் பிரதிபலிக்கும் வானத்தின் எண் வரும்.

ராத்திரி

எட்டு மணிக்கு ஒரு முறை, பத்துக்கு ஒரு முறை புல்லையும் காற்றையும் குறியுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 3 டிகிரிக்கு மேல் நின்றால் வானம் ஒத்துழைக்கிறது. வித்தியாசம் திடீரென்று சுருங்கி, புல் சூடேறினால் மேகம் வந்துவிட்டது அல்லது காற்று எழுந்துவிட்டது. நள்ளிரவுக்கு மேல் மஞ்சு இறங்கினாலும் கதை முடிந்தது. மிகக் குறைந்த அளவு விடியலை ஒட்டி வரும். மார்கழியில் சூரியன் 6.30 தாண்டித்தான் எழும். ஆறு மணிக்குப் புல்வெளியில் இருங்கள். வெயில் பட்டால் கால் மணி நேரத்தில் வெறும் ஈரம்தான் மிஞ்சும், மலை நிழல் விழுகிற மேற்குப் பார்த்த பள்ளத்தில் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும். மிதித்த புல் உடைந்து கருகும், ஓரமாக நின்று எடுங்கள்.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பதை மறக்க வேண்டாம். டிசம்பர் 21, 22-ல் பகல் மிகக் குறுகினாலும் தரை சேர்த்து வைத்த சூடு செலவாக இன்னும் சில வாரம் எடுக்கும். ஜனவரியில் வானமும் தெளிவு. நவம்பரில் கிடைத்தால் அது அதிர்ஷ்டம்.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு

பார்க்கிறவருக்குத் திருவிழா, கேரட்டும் தேயிலையும் போட்டவருக்கு நட்டம். கணிப்பு வந்ததும் முந்தின நாள் பகலில் தண்ணீர் பாய்ச்சுங்கள். ஈரமண் சூட்டைப் பிடித்து வைத்து ராத்திரியில் விடும். நாற்றுக்கு மாலையிலேயே மூடாக்கு. ஊட்டி தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளைக் கோத்தகிரி மிலார் செடியால் மூடுவது இதற்குத்தான். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டுக்கொண்டிருந்தால் தொட்ட இடம் கருகும், குச்சி நட்டுத் தூக்கிக் கட்டுங்கள்.

ஸ்பிரிங்க்ளர் போடுவதென்றால் புல் சென்சார் 1 டிகிரிக்கு வரும்போதே ஆரம்பித்து, வெயில் ஏறிப் பனி முழுதும் உருகும் வரை நிறுத்தாதீர்கள். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி சூட்டை விடுகிறது, இலையைக் காப்பது அதுதான். மோட்டாரை நடுவில் நிறுத்தினால் நனைந்த இலையிலிருந்து தண்ணீர் ஆவியாகி அதைப்போல ஏழு மடங்கு சூட்டைப் பிடுங்கும். ஒன்றுமே செய்யாமல் இருந்ததைவிடச் சேதம் அதிகமாகும். கரண்ட் போகிற இடமாக இருந்தால் ஸ்பிரிங்க்ளரைத் தொடாமல் மூடாக்கோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

மலையேற முடியாதவர்கள் தாளவாடியிலோ உடுமலைத் தோட்டத்திலோ இதே கணக்கை நீர்ப்பனிக்குப் போட்டுப் பழகலாம்: மாலைப் பனிப்புள்ளி, புல்லின் அளவு, ஈரம் படிந்த நேரம். நோட்டில் தேதி, 6 மணி எண்கள், காற்று, வானத்தில் எட்டில் எத்தனை பங்கு மேகம், காலைப் புல் அளவு என்று ஒரு வரி. கணிப்பு பொய்த்த ராத்திரியையும் விடாமல் எழுதுங்கள், பக்கத்திலேயே எது கெடுத்தது என்று ஒரு சொல்: மேகம், காற்று, மஞ்சு.