நடுவானில் ரேடியோ பேசாமல் போனால்: புதிதாகப் பறப்பவர்களுக்கு

தூத்துக்குடியிலிருந்து சின்னப் பயிற்சி விமானத்தில் மதுரைக்கு வருகிறீர்கள். அருப்புக்கோட்டை தாண்டியாயிற்று. நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை, அதாவது டவரைக் கூப்பிட்டால் பதிலே இல்லை. கை உடனே ரேடியோவுக்குத்தான் போகும். போகவிடாதீர்கள். ரேடியோ இல்லாமலும் விமானம் பறக்கும். நீங்கள் கவனிக்காவிட்டால் பறக்காது. முதலில் வேகம், உயரம், திசை. வெளியே பாருங்கள், மேகத்துக்குள் போகாதீர்கள்.

அடுத்து எளிய காரணங்கள். அலைவரிசை எண் சரியா? ஒலியளவு குறைந்திருக்கிறதா? வெற்று இரைச்சலை அடக்கி வைக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்து பாருங்கள்; 'உஸ்' என்று இரைச்சல் வந்தால் உங்கள் காது வரைக்கும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஹெட்செட் ஜாக். அதில் இரண்டு உண்டு, மைக்குக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. பயிற்சிக் காலத்தில் ஒருமுறை என் முழங்கால் இடித்து மைக் ஜாக் பாதி வெளியே வந்துவிட்டது. எல்லார் பேச்சும் எனக்குக் கேட்டது, என் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. நீங்கள் அங்கிருந்தே தொடங்குங்கள்.

பேசும் பொத்தான் அழுந்தியபடி சிக்கிக்கொண்டால் இன்னும் மோசம். உங்களுக்கு ஒன்றும் கேட்காது, அந்த அலைவரிசையில் மற்றவர்களும் பேச முடியாது. பொத்தானை விட்ட பிறகும் ரேடியோவில் ஒலிபரப்பு அடையாளம் எரிந்தால் மைக் ஜாக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பதில் இல்லையா? விமான ரேடியோ பயன்படுத்தும் விஎச்எஃப் அலை நேர்கோட்டில் போவது. திண்டுக்கல் பக்கமிருந்து தாழ்வாக வந்தால் சிறுமலையே மறைத்துவிடலாம். அனுமதித்த உயரத்துக்குள் கொஞ்சம் ஏறி மறுபடி கூப்பிடுங்கள். இல்லையென்றால் முந்தைய அலைவரிசை, இரண்டாவது ரேடியோ, கடைசியாக அவசர அலைவரிசை 121.5. இரண்டு ரேடியோவும் சேர்ந்து போனால் மின்னோட்டம் காட்டும் அம்மீட்டரைப் பாருங்கள். மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் நின்று பேட்டரி வடிந்துகொண்டிருக்கலாம். சரிபார்ப்புப் பட்டியல் சொல்கிறபடி தேவையில்லாத மின்கருவிகளை அணையுங்கள்.

இனி வராது என்று தெரிந்தால், ரேடாருக்கு உங்கள் எண்ணை அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில் 7600 வையுங்கள். ரேடியோ போய்விட்டது என்று ரேடார் பார்ப்பவருக்குப் புரியும். எங்கே இருக்கிறீர்கள், என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைக் காற்றில் சொல்லிக்கொண்டே இருங்கள். உங்களுக்குத்தான் கேட்கவில்லை, அவர்களுக்குக் கேட்கலாம்.

பக்கத்தில் இறங்கத் தகுந்த நிலையம் எதுவோ அங்கே இறங்க வேண்டும். அது மதுரை என்றால், ஓடுபாதை 09/27, கிழக்கு மேற்காகக் கிடக்கும். வடமேற்கே திருப்பரங்குன்றம் மலை நல்ல அடையாளம். பெரிய விமானங்கள் வருகிற இடம், நாலு பக்கமும் பார்த்து, இறங்க வரும் விமானங்கள் நிலையத்தைச் சுற்றி வருகிற சுற்றில் சேருங்கள். கண் டவரில் இருக்கட்டும், அங்கிருந்து விளக்கால் சைகை காட்டுவார்கள். நிலையான பச்சை விளக்கு என்றால் இறங்கலாம். விட்டுவிட்டு எரியும் பச்சை, இறங்குவதற்குத் திரும்பி வா. நிலையான சிவப்பு, மற்ற விமானத்துக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இரு. விட்டுவிட்டு எரியும் சிவப்பு, நிலையம் பாதுகாப்பாக இல்லை, இறங்காதே. பார்த்துவிட்டேன் என்று சொல்ல, பகலில் இறக்கைகளை ஆட்டுங்கள். இரவில் தரையிறங்கும் விளக்கை இரண்டு முறை போட்டு அணையுங்கள்.

இறங்கியதும் முதல் வேலை, வந்து சேர்ந்ததைப் போனிலாவது டவருக்குச் சொல்வது. சொல்லாவிட்டால் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அந்த எண்ணைப் புறப்படும் முன்பே, தொடையில் கட்டிக்கொள்ளும் முழங்கால் அட்டையில் எழுதி வையுங்கள்.